பேக்கரி திருமலைசாமியின் சிறுகுடல்

திருமலைசாமி இளைத்துக்கொண்டே போகிறார் என்பதைக் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். டாக்டர்களுக்கெல்லாம் முன்னால். அவருடைய பேக்கரிக்கும் என் லேத் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். ஒரு நாள் பெல்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "சென்னிமலையண்ணா, இதுல ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க" என்றார். டிரில்லிங் மிஷினில் வைத்து நொடியில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஐந்தாவது ஓட்டைக்கு வந்தபோது பெல்ட்டின் நுனி இடுப்பைச் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் போய் நின்றது.

"ஏப்பா, ஒண்ணு பெல்ட்டை மாத்து, இல்லீனா ஆளை மாத்து" என்றேன்.

சிரித்தார். சிரிக்கும்போதுதான் பார்த்தேன், உதட்டின் உள்புறம் முழுக்கப் புண்.

அவர் தாராபுரம் பக்கத்துக்காரர். பத்தாவது ஃபெயில். நான் எட்டாவதோடு நின்றவன் என்பதால் அவரைப் படித்தவர் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். பத்தொன்பது வயதில் கோயமுத்தூருக்கு வந்து, ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவி, மாவு பிசைந்து, மாஸ்டராகி, அப்புறம் சொந்தக் கடை போட்டார். இப்போது வயது நாற்பத்தேழு. கீழே கடை, மேலே வீடு. மனைவி ராசாத்தாள் கல்லாவில் இருப்பாள். ஒரே மகள் மோகனப்பிரியா காலேஜில் படிக்கிறாள். காலையில் முதல் தட்டுப் பன் வெளியே வந்ததும் அதில் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு, உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்த்து, மோந்து, பாதியைத் தின்ற பிறகுதான் மீதியைக் கடைக்குள் அனுப்புவார். அதில் ஒரு நாளும் தவறியதில்லை.

மனிதரிடம் ஒரே குறை, அளவுக்கு மீறிய மரியாதை. எதைக் கேட்டாலும் "பரவால்லீங்க" என்பார். காலில் லாரி ஏறினால்கூட டிரைவரைப் பார்த்து, "பரவால்லீங்க, பொறுமையா எறக்குங்க" என்று சொல்கிற ரகம். இந்த "பரவால்லீங்க"தான் அவரை இரண்டு வருடம் படுத்தியது.

எங்கள் இரண்டு கடைக்கும் பின்னால் பொதுவாக ஒரே கக்கூஸ். அதனால் அவருடைய வயிற்றுச் சங்கதி அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை போவார். போனால் சீக்கிரம் வரமாட்டார். வந்த பிறகு நான் போனால், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்துகொண்டிருக்கும். நாற்றத்தைப் பற்றி எழுதவேண்டாம், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இதை நான் வீதியில் நாலைந்து பேரிடம் மட்டும்தான் சொன்னேன். மற்றவர்களுக்கு அந்த நாலைந்து பேர் சொன்னார்கள்.

ஆளாளுக்கு ஒரு நோய் சொன்னார்கள். கேஸ் என்றார் ஒருவர். சர்க்கரை என்றார் இன்னொருவர். பார்த்தால் சர்க்கரை இல்லை. பூச்சி மாத்திரை போட்டார், பூச்சியும் இல்லை. ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச் சத்து மாத்திரை மாதக்கணக்கில் தின்றார். தின்ற இரும்புக்கு இந்நேரம் எனக்கு ஒரு லேத் மிஷின் வார்த்திருக்கலாம். அவர் உடம்பில் மட்டும் ஒட்டவில்லை. வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். குடல் ஏறிக்கொண்டது என்று கருமத்தம்பட்டி பக்கம் ஒருவரிடம் நானே கூட்டிப்போனேன். அவர் வயிற்றில் விளக்கெண்ணெயைத் தடவி நீவி, காலைத் தூக்கிப் பிடித்து உள்ளங்காலில் பட்டுப்பட்டென்று தட்டி, "எறங்கிப்போச்சுங்க" என்றார். எதுவும் இறங்கவில்லை, எடை மட்டும்தான் இறங்கியது. எழுபத்தொன்றில் இருந்தவர் ஐம்பத்திரண்டுக்கு வந்துவிட்டார்.

ஒரு டாக்டர் சரியாகத்தான் சொன்னார். வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்த்து, கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பவேண்டும் என்றார். திருமலைசாமி "செரிங்க" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவர், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணனுக்கு ஆறு வருடத்துக்கு முன்னால் வயிற்றில் கட்டி. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. நாலு மாதத்தில் போய்விட்டார். அன்றிலிருந்து இவருடைய கணக்கு ஒன்றுதான்: சதை எடுத்தால் புற்று, எடுக்காவிட்டால் வெறும் வயிற்றுக் கோளாறு.

"இருக்குதோ இல்லியோ, தெரியாம போனா நிம்மதியாவாச்சும் போலாமுங்களேண்ணா" என்றார் என்னிடம், ஒரே ஒரு தடவை.

கடையில் நிற்க முடியாமல் மாடியிலேயே படுத்துவிட்டார். சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் நம் ஊரில் கிடையாது. பிரெட், ரஸ்க், பாலில் கலக்கிக் குடிக்கிற சத்து பவுடர் பாட்டில், இந்த மூன்றில் ஒன்று கையில் இருந்தாகவேண்டும். திருமலைசாமிக்குச் சொந்தபந்தம், எங்கள் பேச்சில் உறம்பரை, ஜாஸ்தி. வந்தவர்களில் பாதிப்பேர் கீழே அவர் கடையிலேயே காசு கொடுத்து பிரெட் வாங்கி, மேலே ஏறிப்போய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்கள். நானும் இரண்டு தடவை கொடுத்தேன். தூரத்தில் இருந்து வந்தவர்கள் வேறு பேக்கரி பிரெட்டோடு வந்தபோது, அதைப் பிட்டுப் பார்த்து, "ஈஸ்ட் பத்தலீங்க" என்று முனகினார். அந்த நிலைமையிலும் தொழில் போகவில்லை.

வந்த பிரெட்டை எல்லாம் ராசாத்தாள் பாலில் ஊறப்போட்டு வேளாவேளைக்குக் கொடுத்தாள். சோறு வயிற்றுக்குக் கனம் என்று நிறுத்திவிட்டாள். ஆள் மேலும் கரைந்தார்.

மாசியில் தாராபுரத்தில் அவருடைய அக்கா காளியாத்தாள் ஊரில் கோயில் நோம்பி. அக்கா கார் அனுப்பித் தம்பியை அள்ளிக்கொண்டு போய்விட்டது. அந்த வீட்டில் பேக்கரி சாமானே நுழையாது. ராகிக் களி, கம்மஞ்சோறு, பழைய சோறு, தயிர், கொள்ளுப் பருப்பு. மூன்று வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்பியது. படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். மூன்று கிலோ ஏறியிருந்தார். கக்கூஸ் கணக்கும் ஒன்று, இரண்டு என்று குறைந்திருந்தது. ஊருக்கு ஒரே சந்தோஷம். அமராவதி ஆத்துத் தண்ணி என்றார்கள், குலதெய்வம் என்றார்கள். கோயிலுக்குக் கெடா நேர்ந்துவிட்டாள் ராசாத்தாள்.

இரண்டு வாரம் கூடத் தாங்கவில்லை. மறுபடியும் ஐந்து தடவை. மறுபடியும் படுக்கை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். தாராபுரத்தில் நன்றாக இருக்கிறார், கணபதிக்கு வந்தால் படுத்துக்கொள்கிறார் என்றால் என்ன அர்த்தம்? கோளாறு ஆளிடம் இல்லை, இடத்தில் இருக்கிறது. எதிர்வரிசையில் ஒரு வருடத்துக்கு முன்னால் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகக் கிருபாசங்கர் என்று ஒரு தம்பி புது பேக்கரி திறந்திருந்தான். "செய்வினையா இருக்குமோ என்னமோ" என்று ஒரு டீயைக் குடித்துக்கொண்டே பொதுவாகத்தான் சொன்னேன். காலை பத்து மணி டீ. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீதி முழுக்க அது பரவி, கிருபாசங்கர் சுடுகாட்டு மண் கொண்டுவந்ததைக் கண்ணால் பார்த்ததாக ஒருத்தர் என்னிடமே வந்து சொன்னார்.

மறுநாள் கிருபாசங்கர் நேராகப் பட்டறைக்குள் வந்துவிட்டான். முப்பது வயசுப் பையன். கோபத்தில் காது இரண்டும் சிவந்திருந்தது.

"ஏனுங்ணா, நான் செய்வினை வெச்சனா?"

"யாரு கண்ணு சொன்னது அப்பிடி?"

"நீங்கதான் சொன்னீங்கன்னு எட்டுப் பேரு சொல்றாங்க. எனக்கு முட்டை பப்ஸுக்கு முட்டை உரிக்கவே ஆள் கெடைக்கறதில்லீங்ணா. மந்திரவாதியத் தேடிப் போறதுக்கு எனக்கு நேரமிருக்குதுங்களா?"

"செரி கண்ணு, கம்முனு உக்காரு. டீ சொல்றேன்."

"டீ கெடக்குதுங்ணா. திருமலையண்ணன் பன்னைத் தின்னுதான் நான் காலேஜ் படிச்சேன். அந்த மனுசனுக்கு நான் கெடுதல் பண்ணுவனா?" அப்புறம் அவனே, "எங்கம்மாவுக்குக் குடல்ல டி.பி. இருந்துச்சுங்ணா. அவங்களும் இப்பிடித்தான் எலும்பும் தோலுமா ஆயிட்டாங்க. கண்டுபிடிச்சு மருந்து குடுத்தது ஒரு டாக்டரம்மா. ஃபஹீமான்னு பேரு. குடலுக்குன்னே படிச்சவங்க. நான் நேரம் வாங்கித் தர்றேன், நீங்க கூட்டிட்டு மட்டும் போங்க" என்றான்.

பழி போட்டவன் நான். வழி சொன்னவன் அவன். நான் கம்மென்று ஒத்துக்கொண்டேன்.

திருமலைசாமியை எழுப்பிக் கூட்டிப்போவது பெரும்பாடாகிவிட்டது. "சும்மா பேசீட்டு மட்டும் வரலாம். குழா, ஊசி எதையும் தொடவே மாட்டாங்க" என்று ராசாத்தாள் சத்தியம் பண்ணினாள். என் காரில் பின்சீட்டில் அவளும் அவரும், முன்னால் நான்.

டாக்டர் ஃபஹீமாவுக்கு நாற்பதுக்குள்தான் வயது இருக்கும். கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுக்காரி. நம் பேச்சே பேசினாள்.

"சொல்லுங்கண்ணா, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லீங்க. பரவால்லீங்க" என்றார் திருமலைசாமி.

"பரவால்லாமயா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"சித்தே வவுறு செரியில்லீங்க. அவ்வளவுதானுங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் தொங்கிய குடல் படத்தைப் பார்த்தாள். பொம்பளை டாக்டரிடம் கக்கூஸ் சமாச்சாரம் பேசுவதா என்று மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அஞ்சு தடவைங்க டாக்டரம்மா" என்றேன். "தண்ணி ஊத்துனா போகாதுங்க. மெதக்கும். எண்ணெயாட்டம் படலம் கட்டும். நாத்தம் எங்க பட்டறை வரைக்கும் வரும். பெல்ட்டுல அஞ்சு ஓட்டை. வாயெல்லாம் புண்ணு. உக்காந்து எந்திரிச்சா கெண்டைக்கால் பிடிச்சுக்குது. ரத்தம் ஏழுதான் இருக்குதாம்."

"ஏனுங்ணா!" என்றார் திருமலைசாமி, செத்துப்போகிற மாதிரி.

"நீங்க யாருங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"பக்கத்துக் கடைங்க."

"நீங்க சொல்லுங்க. இன்னும் என்ன தெரியும்?"

வாழ்க்கையில் படித்தவர் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. இரண்டு வருடக் கதையையும் கொட்டினேன். இரும்பு மாத்திரை, ஸ்கேன், உள்ளங்காலில் தட்டியது, தாராபுரம் போய்த் தேறினது, திரும்பி வந்து படுத்தது, செய்வினை, எல்லாம். செய்வினைக்குச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேனாவை நிமிர்த்திப் பிடித்தாள்.

"தாராபுரத்துல என்ன சாப்பிட்டாரு?"

"களி, கம்மஞ்சோறுங்க" என்றாள் ராசாத்தாள். "எங்க நாத்தனாரு கண்டதையும் குடுத்திருக்குதுங்க. நான் இங்க கனமா ஒண்ணுமே குடுக்கறதில்லீங்க டாக்டரம்மா. காத்தால பால்ல ரஸ்க்கு. மத்தியானம் பிரெட்டு. பொழுதோட சத்து பவுடர் கலக்கிப் போட்டுக் குடுப்பேன். படுக்கறக்கு முன்னால ரெண்டு பன்னு, இல்லீனா ரவை உப்புமா. ஊருல ஒறம்பரை எல்லாம் கொண்டாந்து குவிச்சுப்போட்டாங்க, அதைத் தின்னு தீக்கோணுமில்லீங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணா, நீங்க என்ன தொழிலுங்க?"

"பேக்கரிங்க."

"மாவு பெசையறப்ப ரப்பராட்டம் இழுத்துட்டு வருமில்லீங்களா, அது எதனாலன்னு தெரியுமுங்களா?"

தொழில் பேச்சு வந்ததும் திருமலைசாமி முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது கோதுமையோட சத்துங்க. அரிசி மாவுல வராது, ராகில வராது. அந்த இழுவை இருந்தாத்தான் பன்னு உப்பும்."

"அதேதானுங்க. அது ஒரு புரதம். நூத்துல ஒருத்தரு ரெண்டு பேரு ஒடம்புக்கு அது ஆகறதில்லை. உள்ள போனா, எதிரி வந்துட்டான்னு ஒடம்பு சண்டைக்குப் போகுது. அந்தச் சண்டையில சிறுகுடல்தான் அடி வாங்குது. சிறுகுடலுக்கு உள்ளார டர்க்கி டவலாட்டம் பொசுபொசுன்னு நூல் நூலா நிக்கும். தின்ன சத்தையெல்லாம் அந்த நூலுதான் உறிஞ்சும். அது தேஞ்சு மொழுமொழுன்னு ஆயிட்டா, இரும்பு மாத்திரை தின்னாலும் ஏறாது, நெய் தின்னாலும் ஏறாது. அப்பிடியே வெளிய போயிரும். மெதக்குதுன்னாரே அண்ணன், அது செரிக்காத கொழுப்பு. சீலியாக்னு பேரு. வடக்க நெறையப் பேருக்கு இருக்குது. நம்ம பக்கம் கம்மிங்கறதால யாருக்கும் சட்டுனு நெனப்பு வராது."

"நான் பொறந்ததுல இருந்தே பன்னு திங்கறவனுங்களே?"

"வாகு பொறப்புலயே இருக்கும். எந்த வயசுல வேணாலும் கெளம்பும். ஆனா இதுவாத்தான் இருக்கும்னு இன்னைக்கே நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். குடல் டி.பி.யும் இப்பிடிக் காட்டும். குடல் வீங்கற வேற நோவும் இருக்குது. புத்துநோயும் இல்லைன்னு பாத்துப்போட்டுத்தான் சொல்லோணும்."

அந்த ஒரு வார்த்தையில் அவர் மறுபடி சுருங்கிப்போனார்.

"சதை எடுப்பீங்களா?"

"மொதல்ல ரத்தம் மட்டும்."

ராசாத்தாள் மடியில் இருந்த பையைக் கீழே போட்டாள். அதில் வழியில் சாப்பிடக் கொண்டுவந்த ரஸ்க் இருந்தது. "இனிமே ஊட்டுல ஒரு துண்டு பிரெட்டு இருக்காதுங்க. என்ற கையாலயே குடுத்துக் கொன்னுட்டேனுங்களே!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மணி, அழுவாதீங்க. இன்னொன்னு சொல்றேன், கேளுங்க. டெஸ்ட் எல்லாம் முடியற வரைக்கும் பிரெட்டை நிறுத்தக்கூடாது."

மூன்று பேரும் அவளையே பார்த்தோம்.

"நிறுத்தீட்டா குடல் ஆற ஆரம்பிச்சுரும். ஒடம்பு சண்டை போட்டதுக்கு ரத்தத்துல இருக்கற அடையாளமும் கொறஞ்சு போயிரும். அப்பறம் டெஸ்ட்டு ஒண்ணுமில்லைன்னு பொய் சொல்லும். கொஞ்ச நாளுதான். சாப்பிடட்டும்."

ஆகாதது என்று தெரிந்த பிறகு தினமும் அதைத் தின்னவேண்டிய தண்டனை திருமலைசாமிக்கு. ராசாத்தாள் பிரெட்டைத் தட்டில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ரத்த ரிசல்ட் வந்தது. டாக்டர் சொன்ன அந்த அடையாளம் பத்துக்குள் இருக்கவேண்டியது, இருநூற்றுச் சொச்சம் இருந்தது. டாக்டர் ஃபஹீமா போனில், "நான் சந்தேகப்பட்டது செரிதான் போலிருக்குங்க. அடுத்த வியாழக்கெழமை வாங்க. குழாய் விட்டுப் பாத்து நாலஞ்சு எடத்துல துளித் துளியா சதை எடுத்துரலாம். உறுதியாயிரும்" என்றாள்.

"வர மாட்டேன்" என்றார் திருமலைசாமி. அவர் வாயில் இருந்து "பரவால்லீங்க" இல்லாமல் வந்த முதல் வார்த்தை.

"ரத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. கோதுமைய உட்டுப்போடறேன். அதோட முடிஞ்சுது. குழாயும் வேண்டாம், சதையும் வேண்டாம்."

"உள்ள வேற ஏதாச்சும் இருந்தா?" என்றேன்.

"இருந்தா இருக்கட்டுமுங்ணா. எங்கண்ணனும் சதை எடுக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்தான். நோண்டுனாங்க, போயிட்டான்."

நான் எனக்குத் தெரிந்த வாதமெல்லாம் பண்ணிப் பார்த்தேன். மகள் மோகனப்பிரியா செல்போனில் எதையெதையோ காட்டினாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

புதன்கிழமை காலையில் ராசாத்தாள் கீழே இருந்து ஒரு தட்டுப் பன்னோடு மாடிக்கு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். சூடு ஆறாத முதல் தட்டு. கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்தாள்.

"இது வெந்துருச்சுங்களா?"

"பிட்டுப் பாத்தாத்தானே தெரியும்."

"மேல நல்லாச் செவந்துதான் இருக்குது. அப்பிடியே கடைக்கு அனுப்பிப் போடட்டுங்களா?"

"ஏன், பைத்தியமா? உள்ள மாவா இருந்தா?"

"நீங்க பிட்டுப் பாக்கறதுனாலயா அது உள்ள மாவாப் போவுது?"

அவர் தட்டில் இருந்த பன்னைப் பார்த்தார்.

"உங்கண்ணனுக்கு நோண்டுனதால நோவு வரலீங்க. நோவு வந்து ரெண்டு வருசங் கழிச்சு நோண்டுனாங்க. நானும் கூடத்தானே இருந்தேன்? நீங்க இருபத்தஞ்சு வருசமா ஒரு தட்டுப் பன்னைப் பிட்டுப் பாக்காம வெளிய அனுப்புனதில்லை. உங்களை மட்டும் நான் பாக்காம அனுப்போணுமா?"

அவர் தட்டில் இருந்து ஒன்றை எடுத்துப் பிட்டார். பார்த்தார். "வெந்துருச்சு, அனுப்பு" என்றார். அப்புறம் என்னிடம், "நாளைக்கு எத்தனை மணிக்குங்ணா கெளம்போணும்?" என்றார்.

வியாழக்கிழமை குழாய் விட்டுப் பார்க்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தவர், "இவ்வளவுதானுங்களா?" என்று தொண்டையைத் தடவிக்கொண்டார். ஆனால் ரிப்போர்ட் வர ஆறு நாள் ஆகும் என்றார்கள். அந்த ஆறு நாள்தான் கஷ்டம். இரண்டாம் நாள் மைதா எங்கே வாங்குவது, எந்த மாஸ்டரை நம்பலாம் என்று ராசாத்தாளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன், நோட்டில் ஒரு எழுத்தும் இல்லை. வட்டம் வட்டமாகக் கிறுக்கியிருந்தாள். நான் அந்த வாரம் யாரைப் பற்றியும் எதுவும் பேசவில்லை. கிருபாசங்கர் மட்டும் தினமும் சாலையைத் தாண்டி வந்து, "வந்துருச்சுங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஏழாம் நாள் டாக்டர் ரிப்போர்ட்டை மேஜையில் விரித்தாள்.

"நூலெல்லாம் தேஞ்சு மொழுக்குன்னு கெடக்குது. சீலியாக்தான். டி.பி. இல்லை. எடுத்த சதையில புத்து இல்லை."

"திருப்பிச் சொல்லுங்க" என்றார் திருமலைசாமி.

"புத்து இல்லீங்க அண்ணா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். ராசாத்தாள் அவர் தோளில் கையை வைத்தாள், என் எதிரில் அப்படி ஒரு நாளும் செய்யாதவள்.

மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆயுசுக்கும் கோதுமை கூடாது. மைதா, ரவை, சேமியா, பரோட்டா, சப்பாத்தி, எல்லாம் ஒரே குடும்பம். பார்லியும் கூடாது, சத்து பவுடரில் பாதி அதுதானாம். அரிசி, ராகி, கம்பு, சோளம், தாராளமாகச் சாப்பிடலாம். குடல் ஆறுகிற வரைக்கும் இரும்பும் மற்ற சத்தும் தனியாக. ரத்த சொந்தத்துக்கும் வரலாம் என்பதால் மோகனப்பிரியாவுக்கும் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை. கடையை மூடவேண்டுமா என்று கேட்டதற்கு, மாவு பறக்கிற இடத்தில் நிற்காதீர்கள், வாயில் போடாதீர்கள், அவ்வளவுதான் என்றாள். அவர் மாவு பிசைகிற பக்கம் போவதை விட்டுவிட்டு டீ அடுப்புக்கு வந்துவிட்டார். பன்னை இப்போது ராசாத்தாள்தான் பிட்டுப் பார்க்கிறாள். அவளுடைய கணிப்பு அவரைவிடக் கறார் என்று மாஸ்டர் அலுத்துக்கொள்கிறார்.

நாலு மாதத்தில் எடை நன்றாக ஏறியது. வாய்ப்புண் ஆறியது. ஆனால் ரத்தத்தில் அந்த எண் மட்டும் பாதிக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. வயிறும் வாரத்துக்கு ஒரு நாள் மக்கர் பண்ணியது. "எங்கியோ கோதுமை போவுது. வலை போட்டுத் தேடுங்க" என்றாள் டாக்டர். திருட்டுத்தனமாகப் பன் தின்கிறாரா என்று என்னை விசாரித்தார்கள். நான் இரண்டு நாள் வேவு பார்த்தேன். சுத்தமான ஆள். அப்புறம் மோகனப்பிரியா சமையல்கட்டில் இருந்த டப்பா ஒவ்வொன்றையும் எடுத்து அதில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க ஆரம்பித்தாள். ஏழாவதோ எட்டாவதோ டப்பாவில் நின்றாள்.

"அம்மா, பெருங்காயத்துல மைதா கலக்கறாங்களாமா?"

ராசாத்தாளுடைய ரசம் பெருங்காயத்துக்குப் பேர்போனது. தினமும் இரண்டு வேளை அதைத் தட்டில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். பெருங்காயத்தை நிறுத்திய மூன்றாவது மாதத்தில் எண்ணும் இறங்கிவிட்டது. ரசத்தின் ருசியும் இறங்கிவிட்டது, அதைச் சொன்னால் அந்த வீட்டில் எனக்கு டீ கிடைக்காது.

இப்போது அறுபத்தாறு கிலோ இருக்கிறார். டாக்டர், வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். எனக்குத்தான் நஷ்டம். அவருடைய வயிற்றைப் பற்றி ஊருக்குச் சொல்ல நான் தேவைப்படுவதில்லை, அவரே சொல்கிறார். யாராவது இளைத்த மாதிரி தெரிந்தால் போதும், டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்துவிடுவார்.

போன வாரம் ஒரு பேங்க் அதிகாரி, வீதிக்குப் புதிது, மூன்று மாதமாக வயிறு சரியில்லை என்று யாரிடமோ போனில் சொல்லிவிட்டு, முட்டை பப்ஸைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருமலைசாமி அவர் முன்னால் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க சார், தப்பா நெனைக்காதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க போறீங்க?"

அதிகாரி பப்ஸைக் கீழே வைத்தார்.

"தண்ணி ஊத்துனா போகுதுங்களா, மெதக்குதுங்களா?"

"ஏனுங்க!" கல்லாவில் இருந்து ராசாத்தாள் கத்தினாள். "யாவாரம் நடக்கோணுமா வேண்டாமா?"

"நீ கம்முனு இரு" என்றார் திருமலைசாமி. "சாருக்கு மூணு மாசமா வவுறு செரியில்லையாமா. நீங்க சொல்லுங்க சார்."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, சொல்ல ஆரம்பித்தார்.